விசாரணை அலுவலரின் அறிக்கை

தமிழக அரசு ஊழியர் ஒருவருக்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் உள்ள 17(பி) விதியின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டு, அவருடைய விளக்கம் ஏற்கப்படாதபோது, சாட்சிகளையும் ஆவணங்களையும் ஆராய்வதற்கு விசாரணை அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். ஆலைகளில் நிலையாணைகளின்படி நடக்கும் இதே நடைமுறைக்கு உள்விசாரணை என்று பெயர். குற்றச்சாட்டு நிரூபணமானதா இல்லையா என்று காரணங்களோடு சொல்வதே அவருடைய அறிக்கையின் வேலை. தண்டனையை முடிவு செய்பவர் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி. ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் உள் புகார்க் குழு, 90 நாட்களுக்குள் விசாரணையை முடித்து, அடுத்த 10 நாட்களுக்குள் தரும் அறிக்கையில், புகார் நிரூபணமானால் நடவடிக்கையையும் பரிந்துரைக்க வேண்டும்.

நடுநிலையான அறிக்கையில் கண்டதும் முடிவு கட்டியதும் கலப்பதில்லை. 'குடிபோதையில் பணிக்கு வந்தார்' என்பது முடிவு; காலை ஆறு மணி ஷிப்டில் வாயிற்காவலர் அவருடைய தள்ளாட்டத்தைக் கண்டார், பேசும்போது மது வாடை வீசியது, மருத்துவப் பரிசோதனை செய்யப்படவில்லை என்பவையே சாட்சியம் தந்த செய்திகள். கடைசிச் செய்தி நிர்வாகத்துக்குப் பாதகமானது என்பதற்காகவே அதை விட்டுவிடும் அறிக்கைகள் உண்டு. அத்தகையவை மேல்முறையீட்டில் நிற்பது கடினம்.

குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கும் அளவுகோலே போதும். பணம் கொடுத்தும் டிக்கெட் பெறாத பயணிகளை விசாரணைக்கு அழைக்காமலே ஹரியானா அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை, பரிசோதகரின் சாட்சியம் இருக்கிறது என்று கூறி 1977-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இந்தத் தளர்வை விசாரணை அலுவலர்கள் சிலர் காரணமே எழுதாமல் விடுவதற்கான அனுமதியாகக் கொள்வதுதான் வேடிக்கை. இரு தரப்புச் சாட்சிகளும் முரண்படும்போது, ஒருவரை நம்பியதற்கும் மற்றவரை ஒதுக்கியதற்கும் குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டவற்றைக் காட்டியே விளக்கம் தர வேண்டும். 'நிர்வாகச் சாட்சிகள் நம்பத்தக்கவர்கள்' என்ற ஒற்றை வரி விளக்கமாகாது.

ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி தாமே விசாரிக்காமல் வேறொருவர் விசாரித்துத் தந்த அறிக்கையின் நகலை, அந்த அதிகாரி முடிவெடுக்கும் முன் பணியாளருக்குத் தர வேண்டும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே அறிக்கையை வரிவரியாகப் படிக்கப்போகிறவர் குற்றம் சாட்டப்பட்டவரே. பத்திகளுக்கு எண்ணும் சான்றாவணங்களுக்குக் குறியீடும் இருந்தால்தான் அவர் தம் மறுப்பை இடம் சுட்டி எழுத முடியும்.