பிக்ஸலுக்கு எவ்வளவு கணக்கு?

மொபைல் கேமில் ஆற்று நீர் மினுமினுத்து ஓட வேண்டுமென்றால், அது தெரியும் ஒவ்வொரு பிக்ஸலின் நிறத்தையும் ஃபோனின் வரைகலைச் செயலியான ஜிபியு கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் குட்டி நிரல்தான் ஷேடர். 1080க்கு 2400 அளவுள்ள திரையில் சுமார் 26 லட்சம் பிக்ஸல்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், திரையை ஒரே ஒரு தடவை நிரப்புவதற்கே நொடிக்கு 15 கோடி தடவைக்கு மேல் நிரல் ஓடுகிறது. பெரும்பாலான ஃபோன்களில் விசிறி இல்லை. சூடேறினால் ஜிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடம் கேம் வழுக்கிக்கொண்டு ஓடுவதை நம்பவே கூடாது.

நான் முதலில் கைவைக்கச் சொல்வது எண்களின் துல்லியத்தில். நிறத்துக்கு 32 பிட் பெரும்பாலும் தேவையில்லை. ஓப்பன்ஜிஎல் இஎஸ் ஷேடரில் 'ஹைபி' என்பதை 'மீடியம்பி' என்று மாற்றினால் பல ஃபோன்களில் கணக்கு 16 பிட்டில் நடக்கும். சில ஜிபியுக்களில் ஒரே நேரத்தில் இரு மடங்கு கணக்கு முடியும். ஆனால், அலையை அசைக்கும் நேர மாறியைத் தொடாதீர்கள். 16 பிட் தசம எண் 1024ஐத் தாண்டினால் அதில் பின்னத்துக்கு இடமில்லை; அடுத்தது 1025, 1026தான். நேரத்தை நொடியில் எண்ணினால், கேம் தொடங்கி 17 நிமிடம் கடந்ததும், நொடிக்கு ஒரு தடவை நீர் வெட்டி வெட்டி நகரும். மேசைக் கணினியின் ஜிபியுக்கள் பொதுவாக மீடியம்பியைக் கண்டுகொள்ளாமல் 32 பிட்டிலேயே கணக்கிடுவதால், அங்கே சோதிப்பவர் கண்ணில் இது படாது. நேரத்தைச் சிபியுவிலேயே அலையின் சுற்றுக்குள் மடக்கி அனுப்பினால் தீர்ந்தது.

அடுத்து மரத்தின் இலைகள். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிக்ஸல்களை, ஷேடரை ஓட்டாமலேயே ஜிபியு ஒதுக்கிவிடும். இலையின் ஓரத்தை வெட்ட, பிக்ஸலைக் கைவிடும் 'டிஸ்கார்ட்' கட்டளையை ஷேடரில் எழுதினாலோ, அந்த இடத்தில் இலை இருக்கிறதா என்பது ஷேடர் ஓடிய பிறகே தெரியும். ஆழத்தைப் பதிவதும் அதுவரை காத்திருக்கும். ஒளிபுகாப் பொருள்களை முதலில் வரைந்து, இலைகளைப் பிறகு வரையுங்கள்.

எதை மாற்றும் முன்பும் அளந்து பாருங்கள். ஆர்ம் நிறுவனத்தின் மாலி ஆஃப்லைன் கம்பைலர், ஃபோன் இல்லாமலேயே ஒரு ஷேடரில் கணக்குக்கு எத்தனை சுழற்சி, பொருள் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரை வாசிக்க எத்தனை என்று பிரித்துக் காட்டும். வாசிப்பில் திணறும் ஷேடரில் பெருக்கல்களைக் குறைத்து என்ன பயன்? சிவப்புத் தடத்தில் பளபளப்பு, பச்சைத் தடத்தில் நிழல் என ஒரே டெக்ஸ்சரில் அடைத்தால் இரண்டு வாசிப்பு ஒன்றாகிவிடும்.