மாட்டுங்காவிலிருந்து மெல்போர்னுக்கு!
கோப்பை வென்ற கால்டெக்ஸ் கம்பெனி அணி

சர்ச்கேட்டில் மின்சார ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கூப்பரேஜ் மைதானம். கால்பந்து பார்க்க அங்கே போனவர்கள் நம்மவர்களில் ஏராளம். ஆபீஸ் விட்டதும் டிபன் கேரியரும் கையுமாக நேரே மைதானத்துக்குப் போய்விடுவார்கள். அன்று ஆடியவர்களிலும் பலர் அவர்களைப் போன்ற சம்பளக்காரர்கள்தான்.

1891-ல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைப் போட்டி அந்த மைதானத்தின் திருவிழாவாக இருந்தது. முதலில் வெள்ளைக்கார ராணுவ அணிகளே கோப்பையை மாறி மாறித் தூக்கிச் சென்றன. 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி அந்த வரிசையை உடைத்தது. அடுத்த ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது ஐதராபாத் போலீஸ் அணி. காக்கிச் சட்டைக்காரர்களின் அந்த அணியைத் தயார் செய்தவர் பயிற்சியாளர் ரஹீம்.

1958-ல் கோப்பை பம்பாயிலேயே தங்கியது. வென்றது ஓர் எண்ணெய்க் கம்பெனியின் அணி: கால்டெக்ஸ்!

கோலைக் காத்தவர்

கால்டெக்ஸ் அணிக்கு ஆடியவர்களில் ஒருவர் எஸ்.எஸ்.நாராயண். சங்கர சுப்பிரமணியம் நாராயண் என்பது முழுப் பெயர். பாபு நாராயண் என்றால் பழைய ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும். பாலக்காட்டுப் பக்கம் ஒற்றப்பாலத்தில் 1934-ல் பிறந்து, மாட்டுங்காவில் ஆடிப் பழகியவர். கூடைப்பந்திலும் கெட்டிக்காரர். உயரே வரும் பந்தைத் தாவிப் பிடிக்க அந்த ஆட்டமும் அவருக்குக் கை கொடுத்திருக்கும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் இரண்டு கோல் கீப்பர்கள். ஒருவர் பீட்டர் தங்கராஜ். மற்றவர் நாராயண். பயிற்சியாளர் அதே ரஹீம்தான். ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேரே கால் இறுதிக்குப் போயிற்று. அங்கே ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று தோற்கடித்தது. நான்கில் மூன்று கோல் அடித்தவர் நெவில் டிசோசா. ஒலிம்பிக் கால்பந்தில் 'ஹாட்ரிக்' அடித்த முதல் ஆசியக்காரர் அவர். டாட்டா அணிக்கும் கால்டெக்ஸுக்கும் ஆடிய பம்பாய் வீரர்.

அரை இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1-4 என்றும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்றும் இந்தியா தோற்றது. கிடைத்தது நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அதைவிட மேலே இந்தியா இதுவரை ஏறியதில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்குக்கும் நாராயண் சென்றார். சென்னையில் நடந்த 1963-64 சந்தோஷ் கோப்பைப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஆந்திராவை வென்ற மகாராஷ்டிர அணியிலும் இருந்தார். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தானேயில் காலமானார். அப்போது வயது 86.

ஆட்டமும் உத்தியோகமும்

அந்தக் காலத்து வீரர்களுக்கு ஆட்டத்துக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. நன்றாக ஆடுகிறவனைக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ். முழங்கால் முறிந்து ஆட்டம் நின்றாலும் உத்தியோகம் நிற்காது. பெரிய சொத்து இல்லாத வீட்டுப் பையனுக்கு இதைவிட வேறென்ன பலம் வேண்டும்?

ரெயில்வேயும் சளைக்கவில்லை. 1964-ல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது பெங்கால் நாக்பூர் ரெயில்வே அணி. மறு ஆண்டு பம்பாயின் மபத்லால் மில் அணி வென்றது.

ஒவ்வொன்றாய் மறைந்தன

பிறகு காற்று திசை மாறியது. கால்டெக்ஸ் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டு, 1978-ல் இந்துஸ்தான் பெட்ரோலியத்துடன் இணைத்தது. அத்துடன் அந்தப் பெயரே போயிற்று. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலை நிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ரோவர்ஸ் கோப்பையும் 2000-2001 போட்டியோடு நின்றது.

1962-ல் தொடங்கி, 2005-06 தேசிய லீக்கையும் வென்ற மகேந்திரா அணி, 2010-ல் மூடுவிழா கண்டது. ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. ஆகிய ஆபீஸ் அணிகள், புதிய லைசென்சு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று 2013-ல் ஐ-லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன.

இன்று மும்பை சிட்டி போன்ற தொழில்முறை அணிகள் இருக்கின்றன. சம்பளம் பெரிது. ஆனால் இடம் கிடைப்பது விரல் விட்டு எண்ணும் சிலருக்குத்தான். ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

கதவு இன்னும் திறந்திருக்கிறது

தாராவிச் சந்துகளிலும் செம்பூர்க் குடியிருப்புகளிலும் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளுக்கு முழுக் கதவும் அடைபடவில்லை. ரெயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்றும் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் சந்தில் எத்தனை கோல் அடித்தாலும் அங்கே கணக்கில் வராது. சங்கத்தில் பதிவான கிளப்பில் சேர்ந்து, லீக்கில் ஆடி, மாநில அணி வரை உயர வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும். கூடவே பள்ளித் தேர்விலும் பாஸ் ஆகியிருக்க வேண்டும்.

பையன் பந்தோடு ஓடுகிறான் என்று திட்டும் பெற்றோர், ஒரு நாள் அவனைப் பக்கத்துக் கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பந்தோடு பாடப் புத்தகத்தையும் அவன் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.