மங்கா படித்து ஜப்பானிய மொழி பயிலுதல்



பிறமொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவோர் பலர். கற்று முடிப்போர் சிலர். இடையில் நின்றுவிடுவோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். உழைப்பிற் குறைந்தவரும் அல்லர். தம் நிலைக்கு ஏற்ற நூல் கையிற் கிடைக்காமையே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். முதற் பாடநூலை முடித்தவர் உடனே செய்தித்தாளை எடுத்து விரிக்கின்றார். பத்து வரி செல்வதற்குள் முப்பது முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கின்றது. ஊக்கம் தளர்கின்றது, நூல் பரண் ஏறுகின்றது. ஜப்பானிய மொழி பயில்வோர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. மேற்படிப்பையும் வேலைவாய்ப்பையும் எண்ணி அம்மொழியைப் பயிலும் இளைஞர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் பாடநூலிலிருந்து உண்மையான நூலுக்குச் செல்ல உதவும் பாலம் ஒன்று உண்டு. அதுவே மங்கா என்று வழங்கும் ஜப்பானியப் படக்கதை.

‘படக்கதையும் ஒரு பாடமா?’ என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். ஜப்பானில் மங்கா சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ஹாஸெகாவா மச்சிகோ என்னும் அம்மையார் வரைந்த ‘ஸாஸாயே-ஸான்’ 1946-இல் தொடங்கி 1974 வரை நாளிதழில் வெளிவந்தது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அன்றாட வாழ்வை நான்கு நான்கு கட்டங்களில் காட்டியது. தெஸுகா ஒஸாமு, 1952-இல் தொடங்கிய ‘தெத்ஸுவான் அதோமு’ என்னும் இயந்திரச் சிறுவன் கதையால் நாடு முழுதும் புகழ் பெற்றார். இன்று விளையாட்டு, சமையல், வரலாறு, மருத்துவம் என மங்கா தொடாத துறை இல்லை. ஆகவே அதனை இழிவாக எண்ணுவதற்கு இடமில்லை. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே நாம் எண்ண வேண்டுவது.

முதலில், ஜப்பானிய மொழியைப் படிப்பது ஏன் கடினம் என்று காண்போம். அம்மொழிக்கு எழுத்து முறைகள் மூன்று. ஹிரகானா, கதகானா என்னும் இரண்டும் ஒலியைக் குறிப்பன. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. இவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மூன்றாவதாகிய கான்ஜி, சீன நாட்டிலிருந்து வந்த சொல்லெழுத்து. பொது வழக்கிற்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 1,026 எழுத்துகளை ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் கற்கின்றனர்; முதல் வகுப்பில் கற்பன 80.

எண்ணிக்கை மட்டுமே இடர் அன்று. ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு வேறாக ஒலிக்கும். உயிர், பிறப்பு என்னும் பொருளுடைய ஓர் எழுத்து, ஆசிரியர் என்னும் பொருள்தரும் ‘ஸென்ஸெய்’ என்ற சொல்லில் ‘ஸெய்’ என ஒலிக்கின்றது. வாழ்தலைக் குறிக்கும் ‘இகிரு’ என்ற சொல்லில் அதன் ஒலி ‘இ’. பிறத்தலைக் குறிக்கும் ‘உமாரெரு’ என்ற சொல்லில் ‘உ’. தனியே நின்று பச்சையான பொருளைக் குறிக்குமிடத்து ‘நாமா’. ஒலி தெரியாதபோது அகராதியில் சொல்லைத் தேடுவதும் எளிதன்று. எழுத்தின் உறுப்புகளையும் கோடுகளையும் எண்ணித் தேட வேண்டும்.

இங்கேதான் மங்கா கைகொடுக்கின்றது. சிறுவர் சிறுமியர்க்குரிய மங்காக்களில், கான்ஜி எழுத்தின் பக்கத்தில் அதன் ஒலியைச் சிறிய ஹிரகானா எழுத்துகளில் அச்சிடுவது வழக்கம். இதற்கு ஃபுரிகானா என்று பெயர். ஃபுரிகானா இருந்தால், அறியாத எழுத்தையும் வாய்விட்டுப் படிக்கலாம். ஒலியைக் கொண்டு அகராதியில் நொடியில் தேடலாம். வளர்ந்தோர்க்குரிய மங்காக்களில் இவ்வுதவி பெரும்பாலும் இராது. ஆதலின் நூலை வாங்குமுன் ஃபுரிகானா உண்டா என்று பார்த்துக்கொள்வது முதற் கடமையாகும்.

இரண்டாவது உதவி படம். ஒருவன் கதவைத் தட்டுகின்றான். உள்ளிருந்து ஒருத்தி ஏதோ சொல்கின்றாள். அச்சொல் நமக்குத் தெரியாவிடினும், அவள் முகத்தையும் கதவு திறப்பதையும் பார்த்தே அதன் பொருளை உய்த்துணரலாம். அவ்வாறு உணர்ந்த சொல், பட்டியலில் மனப்பாடம் செய்த சொல்லைவிட நெஞ்சில் ஆழப் பதியும்.

தமிழ் மாணவர்க்கு மற்றொரு நலமும் உண்டு. ஜப்பானிய வாக்கிய அமைப்பு நம் வாக்கிய அமைப்பைப் பெரிதும் ஒத்தது. ‘வதாஷி வா மிஸெ தெ ஹோன் ஓ கைமாஷ்தா’ என்பதைச் சொல் மாறாமல் வைத்தால், ‘நான் கடையில் புத்தகத்தை வாங்கினேன்’ என்றாகும். ‘தெ’ நம் ‘இல்’ உருபின் இடத்திலும், ‘ஓ’ நம் ‘ஐ’ உருபின் இடத்திலும் நிற்கின்றன. வினை இறுதியில் வருகின்றது. ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’ என்பது போன்ற அமைப்பு; அங்கும் பார்த்தல் என்னும் வினையே துணைவினையாகின்றது. ஓனோ ஸுஸுமு என்னும் ஜப்பானிய அறிஞர் (1919–2008) இவ்விரு மொழிகளும் உறவுடையன என்றே வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், இவ்வொப்புமை படிப்பவர்க்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பாடநூலை முடித்தவர் மங்காவைத் திறந்தவுடன் திகைப்பதுண்டு. பாடநூல் கற்பிப்பது பணிவான செந்நடை. மங்காவில் வருவதோ வீட்டிலும் தெருவிலும் பேசும் பேச்சு. தமிழில் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்று எழுதுகின்றோம். பேசும்போது ‘சாப்பிட்டுட்டான்’ என்கின்றோம். அதுபோலவே ‘தபெதெ ஷிமத்தா’ என்பது பேச்சில் ‘தபெசத்தா’ எனக் குறுகும். ‘தபெதெ இரு’ என்பது ‘தபெதெரு’ ஆகும். இத்தகைய குறுக்கங்கள் ஓர் இருபதைத் தெரிந்துகொண்டால் பாதித் திகைப்பு நீங்கிவிடும்.

ஒலிக்குறிப்புச் சொற்களும் மங்காவில் நிறைந்திருக்கும். நெஞ்சு படபடப்பதை ‘தோகிதோகி’ என்பர். நாய் குரைப்பதை ‘வான்வான்’ என்பர். புன்முறுவலை ‘நிகோநிகோ’ என்பர். ஒலியே இல்லாத நிசப்தத்திற்கும் ‘ஷீன்’ என ஒரு சொல் வைத்திருக்கின்றனர். சலசல, மடமட என இரட்டைக்கிளவி பயின்ற நமக்கு இவை புதுமை அல்ல.

இனி இப்பேச்சின் உயிர்நிலைக்கு வருவோம். மங்கா எதுவாயினும் பயன் தரும் என்று எண்ணுதல் தவறு. நம் நிலைக்கு ஏற்ற மங்காவே பயன் தரும். இக்கருத்து ஆசிரிய உலகிற்குப் பழையது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பார், 1920-களில் வங்காள மாணவர்க்கென ஆங்கில வாசிப்பு நூல்களை உருவாக்கினார். அருஞ்சொற்களை நீக்கிப் பழகிய சொற்களை வைத்தார். புதுச்சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தினார். புகுத்தியவற்றை மீண்டும் மீண்டும் வரச் செய்தார். ஹூ, நேஷன் என்னும் ஆய்வாளர் இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஆங்கிலக் கதையைப் பிறர் உதவியின்றிப் பொருள் உணர்ந்து படிப்பதற்கு, நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் முடிவு. அஃதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றே புதிதாக இருக்கலாம். மங்காவில் படம் துணைநிற்பதால் இன்னும் சிலவற்றைத் தாங்கலாம். ஆனால் இரண்டு சொல்லுக்கு ஒன்று தெரியாத நூல், எத்துணைப் புகழ் பெற்றதாயினும், இன்றைக்கு நமக்குரியதன்று.

குழந்தை நூலே எளிய நூல் என்று கருதுவதும் சரியன்று. கான்ஜியே இன்றி முழுதும் ஹிரகானாவில் எழுதப்பட்ட வரியில், எழுத்தைக் கொண்டு பொருளைப் பிரித்தறிய இயலாது. ‘ஹாஷி’ என்பது பாலமும் ஆகும். உண்ணும் குச்சியும் ஆகும். கான்ஜியில் எழுதினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்; ஹிரகானாவில் இரண்டும் ஒன்றே. மேலும், மழலை பேசும் பாத்திரங்கள் சொற்களைச் சிதைத்துப் பேசும். அதனை ஜப்பானியக் குழந்தை உணரும்; அயல்மொழி மாணவர் அகராதியில் தேடிக் காணாது வருந்துவர்.

அவ்வாறாயின் எதனைப் படிப்பது? இரு ஒலியெழுத்துகளையும் அடிப்படை இலக்கணத்தையும் கற்றபின், அன்றாட வாழ்வைக் கூறும் கதையில் தொடங்குக. அஸுமா கியோஹிகோ வரைந்து 2003-இல் தொடங்கிய ‘யொத்ஸுபா தோ!’ என்னும் தொடர் இதற்கு மிக ஏற்றது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தந்தையுடன் புதிய ஊருக்குக் குடிவருகின்றாள். வீடு மாற்றுதல், கடைக்குச் செல்லுதல், மழையில் நனைதல் இவையே கதை. ஆதலால் வரும் சொற்களும் நாம் நாளும் வேண்டும் சொற்களே. ஃபுஜிகோ ஃபுஜியோ 1969-இல் தொடங்கிய ‘தோராஎமோன்’ கதைகளும் நல்லவை. எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரப் பூனை ஒன்று, படிப்பில் பின்தங்கிய சிறுவனுக்கு உதவுவதே அவற்றின் பொருள். ஒவ்வொரு கதையும் சில பக்கங்களில் முடிவதால் ஒரே அமர்வில் ஒன்றைப் படித்து மகிழலாம்.

அடுத்த படியில், பள்ளி வாழ்வையும் விளையாட்டையும் கூறும் கதைகள் ஏற்றவை. இனோஉஏ தகெஹிகோவின் ‘ஸ்லாம் டங்க்’ (1990–1996) உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவைப் பற்றியது, ஃபுரிகானாவும் உண்டு. துப்பறியும் ‘மெய்தான்தெய் கோனான்’ (1994-இல் தொடங்கியது) போன்றவற்றில் உரையாடல் நீளம். விசாரணைச் சொற்கள் மிகுதி. அவை மூன்றாம் படியினர்க்கு உரியவை. வாள்வீரர் கதைகளில் பழைய வழக்குகள் வரும். ஃபுரிகானா இல்லாத வளர்ந்தோர் மங்காக்களை இறுதியில் வைத்துக்கொள்க. ஜப்பானியப் பதிப்பகங்கள் பல, நூலின் முதற் சில பக்கங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. அவற்றைப் படித்து, தெரியாத சொற்களை எண்ணிப் பார்த்தபின் நூலை வாங்குவது பணத்தையும் காக்கும், ஊக்கத்தையும் காக்கும்.

படிக்கும் முறையையும் சுருங்கக் கூறுவேன். நூலை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, கட்டங்களையும் வலமிருந்து இடமாகப் பார்த்துச் செல்ல வேண்டும். முதல் முறை அகராதியைத் தொடாமல் ஒரு பகுதி முழுவதையும் படிக்க. இரண்டாம் முறை, மீண்டும் மீண்டும் வரும் சொற்களை மட்டும் அகராதியில் தேடிக் குறித்துக்கொள்க. ஒரே முறை வரும் அருஞ்சொல்லைப் போகவிடுக. மூன்றாம் முறை வாய்விட்டுப் படிக்க. ஒரு தொடரை எடுத்தால் அதனைத் தொடர்ந்தே படித்தல் நன்று. முதற் பகுதியே கடினம்; அதே மாந்தரும் அதே சொற்களும் மீள மீள வருவதால் மூன்றாம், நான்காம் பகுதிகள் தாமே எளியவாகும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மங்காவில் கண்ட பேச்சையெல்லாம் நாம் பேசிவிடலாகாது. கதைத் தலைவன் தன்னை ‘ஓரெ’ என்பான். எதிரியை ‘ஓமாஎ’, ‘கிஸாமா’ என்பான். ஓர் அலுவலகத்தில் மூத்தவரிடம் அவ்வாறு பேசினால், ஆசிரியரை நோக்கி ‘அடே’ என்றது போலாகும். பிழையாகப் பேசும் அயலாரை ஜப்பானியர் பொறுத்துக்கொள்வர். மதியாது பேசுவதாகத் தோன்றின் மனம் வருந்துவர். மேலும், முதிய அறிஞர் தம்மை ‘வாஷி’ என்பதும், வாக்கியத்தை ‘ஜா’ என்று முடிப்பதும் கதையுலகின் வழக்கு. மொழியறிஞர் கின்ஸுய் ஸதோஷி இத்தகைய நடைக்குப் ‘பாத்திர மொழி’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, 2003-இல் நூலே எழுதினார். எனவே மங்காவைப் படித்துப் பொருள் உணர்க. பேசும்போது பாடநூலின் பணிவான ‘தெஸு’, ‘மாஸு’ நடையையே கைக்கொள்க.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 முதல் நடைபெற்று வருகின்றது. 2010 முதல் ஐந்து நிலைகளாக உள்ளது. அதனை எழுதுவோர்க்கு மங்கா பாடநூலுக்கு மாற்று ஆகாது; துணையே ஆகும். ஆனால் அத்துணையின் மதிப்புப் பெரிது. பாடநூல் மொழியின் விதியைக் காட்டும். அம்மொழியில் மக்கள் சிரிப்பதையும் சினப்பதையும் கதை காட்டும். அகராதியின்றி ஒரு பக்கத்தைப் படித்து நகைத்த மாணவர்க்கு, இம்மொழி தமக்கு வரும் என்னும் நம்பிக்கை பிறந்துவிடும். அந்நம்பிக்கையே அவரை அடுத்த நூலுக்கு இட்டுச் செல்லும். ஆகவே, மாணவ மாணவியரே, பிறர் புகழும் நூலைத் தேடாது, உங்கள் நிலைக்குரிய நூலைத் தேடுங்கள். இன்று ஒரு பக்கம் படியுங்கள். நாளையும் ஒரு பக்கம் படியுங்கள்.