புல்வெளி நகரமும் பனிமலைக் கவுண்டியும்

லாஸ் வேகஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? இரவெல்லாம் மின்னும் விளக்குகளும் உயரமான ஓட்டல்களும்தானே? ஆனால் அந்தப் பெயருக்கு ஸ்பானிய மொழியில் ‘புல்வெளிகள்’ என்று பொருள்.

“பாலைவனத்துல புல்வெளியா? நம்பவே முடியலையே!” என்கிறீர்களா? உண்மைதான்.

லாஸ் வேகஸ் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஆனாலும் முன்பு அங்கே நிலத்தடி நீர் ஊற்றுகளாகப் பொங்கி வந்தது. அதைச் சுற்றிப் புல் வளர்ந்தது. பையூட் என்னும் பழங்குடி மக்கள் அந்த ஊற்றுகளை நம்பி வாழ்ந்தார்கள்.

1905-ல் ஒரு ரயில் நிறுவனம் அங்கே நிலத்தை ஏலம் விட்டது. ஊர் பிறந்தது. மக்கள் கிணறுகள் தோண்டினார்கள். ஊர் வளர வளர, தண்ணீர் குறைந்துகொண்டே போனது. 1962-ல் ஊற்றுகள் வற்றிவிட்டன.

“ஐயோ! அப்புறம் தண்ணிக்கு என்ன செஞ்சாங்க?”

பக்கத்தில் கொலராடோ ஆறு ஓடுகிறது. 1930-களில் அதன் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டியிருந்தார்கள். அதனால் உருவான ஏரியின் பெயர் மீட் ஏரி. இன்று நகரம் பயன்படுத்தும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த ஆற்று நீரை ஏழு மாநிலங்களும் மெக்சிகோ நாடும் பகிர்ந்துகொள்கின்றன. ஏழு மாநிலங்களில் நெவாடாவின் பங்குதான் மிகச் சிறியது.

“இது போதாதே!” என்று நகரம் கவலைப்பட்டது. 1989-ல் அது வடக்கே பார்த்தது. நெவாடாவின் கிழக்குப் பள்ளத்தாக்குகளில் உள்ள நிலத்தடி நீரை நீண்ட குழாய் வழியாகக் கொண்டுவர அனுமதி கேட்டது. அந்தப் பள்ளத்தாக்குகளில் சில, வைட் பைன் கவுண்டியில் இருக்கின்றன. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவு. நம் ஊர் மாவட்டம் போன்றது.

லாஸ் வேகஸிலிருந்து வைட் பைனின் தலைநகரான ஈலிக்குப் போக, காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அந்தக் கவுண்டியில் சுமார் 9,000 பேர்தான் வாழ்கிறார்கள். அங்கே 3,982 மீட்டர் உயரமான வீலர் சிகரம் நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுள்ள பைன் மரங்களும் உண்டு. மலையில் பனி உருகி, மண்ணுக்குள் இறங்கி, பள்ளத்தாக்கில் ஊற்றாக வருகிறது. மாடு வளர்ப்பவர்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும் அந்த நீர்தான் உயிர். அங்கே ஸ்பிரிங் பள்ளத்தாக்கில் ஒரு ஜூனிப்பர் மரத்தோப்பு இருக்கிறது. ஷோஷோனி, கோஷூட் பழங்குடி மக்களுக்கு அது புனிதமான இடம். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய முன்னோர் பலர் அங்கே கொல்லப்பட்டார்கள்.

“கொஞ்சம் தண்ணி எடுத்தா என்ன ஆயிடும்?”

நிலத்தடி நீரை ஓர் உண்டியல் என்று வைத்துக்கொள்வோம். மழையும் பனியும் ஆண்டுதோறும் அதில் கொஞ்சம் காசு போடுகின்றன. போடுவதைவிட அதிகமாக எடுத்தால் காசு குறையும். நீர்மட்டம் கீழே போகும். மரத்தின் வேருக்கு எட்டாது. ஊற்று நின்றுவிடும். உண்டியல் காலியாவதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிடும்.

இப்படி ஒரு பாடம் பக்கத்து மாநிலத்திலேயே இருந்தது. 1913-ல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், தொலைவில் உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்று நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டு சென்றது. சில ஆண்டுகளில் ஓவன்ஸ் ஏரி வறண்டது. அங்கே புழுதிப் புயல் வீசத் தொடங்கியது. வைட் பைன் மக்கள் இதை நினைத்துப் பயந்தார்கள். பண்ணைக்காரர்களும் பழங்குடி மக்களும் ஒன்றாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில், 2020-ல் குழாய்த் திட்டம் கைவிடப்பட்டது.

லாஸ் வேகஸில் இருக்கும் குழந்தைக்கும் தாகம் எடுக்குமே! அங்கே இருபது லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்குள் பயன்படுத்தும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதையும் சுத்தம் செய்து, மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். வெளியே தோட்டத்துக்கு ஊற்றும் நீர் திரும்பி வராது. அதனால், அழகுக்காக மட்டும் சாலையோரங்களில் வளர்க்கும் புல்லை எடுத்துவிட வேண்டும் என்று 2021-ல் ஒரு சட்டம் வந்தது. ‘புல்வெளிகள்’ என்று பெயர் வைத்த ஊரே புல்லை எடுக்கிறது!

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஏரியிலிருந்து வருகிறது? அப்பா அம்மாவிடம் கேளுங்கள். “அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல யாரெல்லாம் இருக்காங்க?” என்றும் கேளுங்கள். தெரிந்துகொண்டதை அடுத்த வகுப்பில் தமிழில் சொல்லுங்கள்.