அமர்வு வகைகள்: உரையாடும் நிரல்களுக்கு ஓர் இலக்கணம்

கணிப்பொறி அறிவியலில் 'வகை' என்பது தரவின் இயல்பைக் குறிக்கும். எண்ணைச் சொல்லால் பெருக்கும் வழுவை, நிரல் இயங்கும் முன்னரே வகைச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஒரே வேளையில் இயங்கும் இரு செயலாக்கங்கள் தம்முள் செய்தி பரிமாறும்போது நேரும் வழுவோ வேறு தன்மையது. அனுப்பும் தரவு ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் முறை பிறழ்ந்தால் உரையாடல் முறியும். இரண்டும் ஒருசேரக் கேட்கக் காத்திருந்தால் நிரல் அசைவற்று நின்றுவிடும். இவ்வரிசைமுறையையே ஒரு வகையாக எழுத இயலுமா?

இயலும் என்பதற்கு 1993-இல் கோஹெய் ஹோண்டா அடிகோலினார். 1998-இல் வாஸ்கொன்செலோஸ், குபோ ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை அதனை விரித்தது. இக்கோட்பாட்டை 'அமர்வு வகை' எனலாம். 'தொடர்பு வகை' எனின், தொடங்கி முடியும் ஓர் உரையாடல் என்னும் பொருள் புலப்படாது.

நூல் வாங்குவோரின் வகையைக் காண்போம்: நூற்பெயரை அனுப்புக; விலையைப் பெறுக; ஏற்பு, மறுப்பு இரண்டில் ஒன்றைத் தேர்க; ஏற்பின் முகவரியை அனுப்பி முடிக்க; மறுப்பின் அப்படியே முடிக்க. விற்போரின் வகை இதன் எதிரிணை. அனுப்புதல் பெறுதலாகும், பெறுதல் அனுப்புதலாகும், தேர்தல் என்பது இரு கிளைக்கும் ஆயத்தமாக இருத்தலாகும். ஒன்றை எழுதினால் மற்றது தானே கிடைக்கும்.

இங்கு நுட்பமான செய்தி ஒன்றுண்டு. எண் எத்தனை முறை ஆளப்பட்டாலும் எண்ணே. உரையாடல் நிகழும் தடத்தின் வகையோ ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் மாறும். நூற்பெயரை அனுப்பியபின் அத்தடத்தில் எஞ்சுவது 'விலையைப் பெறுக' முதலான பகுதியே. ஆகவே, தடத்தின் ஒரு முனையை இருவர் ஒருங்கே வைத்திருத்தல் ஆகாது. ஒருவர் செய்ததை மற்றவர் அறியார். ஒரு வளத்தைப் படியெடுக்கவோ கைவிடவோ கூடாது என்னும் இக்கட்டுப்பாடு, ழான்-ஈவ் ழிரார் 1987-இல் வகுத்த நேரியல் தருக்கத்தோடு நெருங்கியது. அமர்வு வகைகளை அத்தருக்கத்தின் கூற்றுகளாகவே கொள்ளலாம் என்பதைக் கைரெஸ், பென்னிங் இருவரும் 2010-இல் நிறுவினர்.

அமர்வு வகை முடக்கத்தை அறவே நீக்கும் என்பது மிகைக் கூற்று. எதிரிணை காப்பது ஓர் அமர்வுக்குள் மட்டுமே. இரு செயலாக்கங்களுக்கிடையே இரு தடங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று முதல் தடத்தில் பெற்றபின் இரண்டாவதில் அனுப்பும்; மற்றது இரண்டாவதில் பெற்றபின் முதலாவதில் அனுப்பும். தடம் ஒவ்வொன்றும் தனித்தனியே வழுவற்றது. இரண்டும் சேர்ந்தால் முடக்கம். கைரெஸ், பென்னிங் முறையில் இணையும் இரு செயலாக்கங்களுக்கு ஒரு தடமே பொது என்பதால் இவ்வட்டம் எழாது. அதற்கு விலையும் உண்டு: தீங்கற்ற வட்டங்களும் விலக்கப்படுகின்றன.

பங்கேற்போர் மூவராயின் இணை இணையாக எழுதுவது போதாது. ஹோண்டா, யோஷிதா, கார்போனே ஆகியோரின் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவர் பணம் பகிர்ந்து ஒரு நூலை வாங்குகின்றனர். முழு உரையாடலும் முதலில் ஒரு பொது வகையாக எழுதப்படுகிறது. அவரவர் பங்கு அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. எல்லாப் பொது வகையும் இவ்வாறு பிரிபடுவதில்லை. இரண்டாமவர் தம் முடிவை விற்போருக்கு மட்டும் தெரிவித்து, அம்முடிவுக்கேற்ப முதலாமவர் வெவ்வேறாகச் செயற்பட வேண்டுமெனின், முதலாமவர் எக்கிளையில் நிற்கிறார் என்பதை அறிய வழியில்லை. அத்தகைய நெறிமுறை, நிரலாக எழுதப்படும் முன்னரே, வகையளவில் மறுக்கப்படும்.