வற்றுங் குளத்து மீன்வேட்டை

வன்னி நாட்டிலே காலத்தை அறிவதற்குப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. குளத்தைப் பார்த்தாலே போதும். மார்கழி மழையிலே குளம் நிரம்பி வான் பாயும். சிறுபோகம் தொடங்குங்கால் துருசு திறபடும். ஆடியிலே சோளகக் காற்று வீச, அலைகரை வெளித்து மாடுகள் மேயும் புற்றரையாகும். ஆவணி பிறந்து விட்டால், சிறிய குளங்களின் நடுவே சேற்று நிறமான ஒரு துண்டு நீர் மாத்திரமே எஞ்சி நிற்கும். அதுவரை குளமெங்கும் பரந்து திரிந்த மீன்களெல்லாம் அத்துண்டு நீருக்குள் வந்து ஒடுங்கும். வருடத்திற்கு ஒருமுறை நண்பர்கள் கூடிக் குளத்திற்குப் புறப்படும் காலம் அதுவே.

முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறத்திலே உள்ளது மல்லாவி. அதற்கு அண்மையிலே பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் இருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இலங்கையிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலிலே, மகாவம்சம் கூறும் பேலிவாபி இக்குளமே எனக் கருத்துரைத்தார். நெடுங்காலம் காடு மூடிக்கிடந்த குளம், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே திருத்தப்பெற்று, அதன் கீழே குடியேற்றமும் வயலும் உண்டாயின. அதனைச் சுற்றிக் காட்டினுள்ளே சிறு குளங்கள் பல உள. பெருங்குளம் எளிதில் வற்றாது. சிறு குளங்களோ பல ஆண்டுகளில் வற்றிவிடும். வருடாந்த மீன்வேட்டைக்குரியவை இச்சிறு குளங்களே.

பயணம் பெரும்பாலும் விடியுமுன் தொடங்கும். ஒருகாலத்தில் மாட்டு வண்டி சென்ற காட்டுப் பாதையில் இன்று உழவு இயந்திரப் பெட்டி செல்கிறது. அரிசி, தேங்காய், புளி, மிளகாய்த்தூள், பெரிய சட்டி ஆகியன ஒருபுறம்; கரப்பு, அத்தாங்கு, வீச்சுவலை, தூண்டில் ஆகியன மறுபுறம். ஊரிலேயே உழுதுண்போரும், கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்தோரும், கனடாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தோரும் ஒரே பெட்டியில் நெருங்கி அமர்ந்திருப்பர். மேலைநாட்டுக் கோடை விடுமுறையும் வன்னிக் குளங்கள் வற்றுங் காலமும் ஒத்து வருவது ஒரு நல்லூழ் என்றே சொல்லலாம்.

இக்கருவிகளுள் கரப்பு மிகப் பழையது. மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை அது. முழங்காலளவு நீரில் வரிசையாக நடந்து செல்வோர், கரப்பைச் சேற்றிலே சடுதியாகக் குத்துவர். உள்ளே மீன் அகப்பட்டால் அது கூடையின் பக்கத்தில் முட்டும். அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல்வாயினூடாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிப்பர். 1660 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட நூலிலே, நீர் குறைந்த குளங்களில் மக்கள் இவ்வாறே கூடையால் மீன் பிடிப்பதை விவரித்துள்ளார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்முறை மாறவில்லை.

இனி, நேயர்கள் ஒரு கேள்வியைக் கேட்கலாம். ஆவணியில் வற்றி வெடித்துக் கிடந்த குளத்திலே, தை மாதத்தில் மறுபடியும் மீன் துள்ளுகிறதே, அது எங்கிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்று முன்னோர் சிலர் நம்பினர். உண்மை அதனினும் வியப்பானது.

முதலாவது, சில மீன்கள் நீரின்றியும் சில காலம் உயிர் தரிக்க வல்லன. விராலின் தலையினுள்ளே, செவுளுக்கு மேலாக, காற்றை நேரே சுவாசிப்பதற்கான ஓர் அறை உண்டு. அதனாலேயே அது அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை உட்கொள்ளுகிறது. நீர் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை காத்திருக்கும். பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசிப்பதே. செவுள் மூடியை ஊன்றி ஈரத்தரையில் ஊர்ந்து வேறு நீர்நிலையை நாடும். இலங்கையிலே குடியேற்றக் காரியதரிசியாயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், வற்றிய குளத்துச் சேற்றை வெட்டி மக்கள் உயிர்மீன் எடுப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே எழுதி வைத்தார்.

இரண்டாவது, வன்னிக் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தைச் சேரும். மழை வெள்ளம் ஓடுங்கால், கீழே உள்ள மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும்; மேலே உள்ளவை வெள்ளத்தோடு கீழே வரும். ஆகவே வற்றாத பெருங்குளமும், எஞ்சிய மடுக்களும் ஏனைய குளங்களுக்கு விதைநெல் வைத்த பட்டறை போன்றவை.

மூன்றாவது, மீன்களின் பிள்ளைப் பாசம். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்துத் திரியும். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீரின் மேலே கொப்புளித்தால், அதன் கீழே தாயோ தந்தையோ நிற்கிறது என்பது பொருள். அதனை அவ்விடத்தில் தூண்டிலிட்டுப் பிடிப்பது எளிது. ஆனால் ஒரு மீனைப் பிடித்தவன் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பகைக்கு இரையாக்கியவனாவான். 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளங்களில் மிகுதியாக வாழும் திலாப்பியாவோ முட்டைகளைத் தன் வாயினுள்ளேயே வைத்துக் காக்கும். ஏழை மக்களின் சட்டிக்கு மலிவான புரதம் அளித்துவருவது இம்மீனே.

இவற்றை அறிந்தால், வற்றுங் குளத்தில் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பது தானே விளங்கும். கரப்பும் தூண்டிலும் பிடிப்பவனுடைய உழைப்புக்கு அளவாகவே மீனைத் தரும். நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்துக் கடைசி மடுவையும் வற்றச் செய்வது அவ்வாறன்று. அது விதைநெல்லை அவித்து உண்பதற்கு ஒப்பாகும். அம்மடுவை நம்பி மாடுகளும் மானினமும் பறவைகளும் இருக்கின்றன என்பதும் நினைக்கத்தக்கது. காரைக்காயை இடித்துக் கரைத்து மீனை மயக்குவது பழைய வழக்கமாயினும், அது பெரிய மீனையும் சின்னஞ்சிறு குஞ்சையும் வேறுபாடின்றிக் கொல்லும். நஞ்சும் வெடியும் பயன்படுத்துவதை 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டம் தடைசெய்துள்ளது. நீர்த்தேக்கங்களிலே செவுள்வலையின் கண் 8.5 சென்றிமீற்றருக்குக் குறையலாகாது என்ற விதியும், மீன் ஒருமுறையேனும் இனம் பெருக்கிய பின்னரே அகப்பட வேண்டும் என்ற நோக்கத்தை உடையது.

வேறொன்றும் உண்டு. பெருங்குளங்களிலே மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உள. அவர்களுக்குக் குளம் பொழுதுபோக்கு அன்று; அடுப்பெரிப்பது. அவர்கள் குஞ்சு விட்டு வளர்த்த நீரிலே ஒருநாள் விருந்தினர் வலை வீசுவது முறையன்று. அவர்களுடைய சங்கத்தைக் கேட்டறிந்து செல்வதே நாகரிகம்.

இவ்வழக்கங்களிற் பல ஏட்டில் எழுதப்பெறாதவை. எந்த மடு ஆழமானது, எங்கே முதலை கிடக்கும், தாமரைத் தண்டு எங்கே காலைப் பின்னும், எவ்வளவு பிடித்தபின் கரையேற வேண்டும் என்பவற்றை மூத்தவர் இளையவருக்குக் குளத்திலே இறங்கி நின்றே சொல்லிக் கொடுத்தனர். 2008ஆம் ஆண்டில் போர் மல்லாவியை நெருங்கியபோது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2009இன் இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது எல்லோரும் திரும்பவில்லை. திரும்ப முடியாதோரும் இருந்தனர். சொல்லிக்கொடுப்போர் வரிசையிலே விழுந்த இடைவெளி அது. மடுவின் ஆழம் அறியாத இளைஞன் நீச்சல் தெரிந்தும் சேற்றில் அமிழலாம். குஞ்சுக் கூட்டத்தின் பொருளறியாதவன் தூண்டிலை அங்கேயே எறியலாம். ஆகையால் இப்பயணத்தில் ஒரு மூத்தவரேனும், ஒரு சிறுவனேனும் இடம்பெறுவது நன்று. ஒருவர் சொல்வதற்கு, மற்றவர் கேட்பதற்கு.

நண்பகலில் வேட்டை நிற்கும். மருதமர நிழலிலே அடுப்பு மூட்டப்படும். விராலைச் சாம்பலிட்டுத் தேய்த்து வழுவழுப்பைப் போக்கி, புளியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் குழம்பாக்குவர். கறி கொதிக்கும் வேளையிலே, சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதவர்களின் பெயர்கள் பேச்சில் வரும். உண்டபின், எஞ்சிய மீன் பங்கிடப்படும். வராதவர் வீட்டுக்கும் ஒரு பங்கு கோவையாகக் கட்டப்படும்.

பொழுது சாயும்போது உழவு இயந்திரம் திரும்புகிறது. பின்னே, கலங்கிய மடு மெல்லத் தெளிகிறது. அதன் அடியிலே சில விரால்கள் மழையை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. அடுத்த ஆவணிக்குரிய விருந்து அவையே. பிடித்த மீனாலே மாத்திரமன்றி, பிடிக்காது விட்ட மீனாலும் வேட்டையின் சிறப்பை அளக்க வேண்டும் என்பதை அம்மடு உணர்த்தி நிற்கிறது.