கடல் புறாவில் கயிறு பிடித்தது யார்?

போன செமஸ்டர் லீவுக்கு வேம்பார் போயிருந்தப்போ, ஒன்பதாவது படிக்கிற தங்கச்சி பரண்ல இருந்து மூணு தடிமனான புத்தகத்தை இறக்கி வச்சிருந்தா. சாண்டில்யனின் ‘கடல் புறா’, மூன்று பாகமும்.

“அண்ணே, நீ இதைப் படிச்சிட்டு ஒரு வருஷம் இதே பேச்சா திரிஞ்சியாமே, அம்மா சொன்னாங்க. நல்லா இருக்குமா?”

“செமயா இருக்கும்”னு சொல்லிட்டு, சும்மா முதல் பாகத்தைப் புரட்ட ஆரம்பிச்சேன். நாலு நாளில் மூன்றும் முடிந்தது. முடித்ததும் வந்தது சந்தோஷம் இல்லை. ‘இவ்வளவுதானா?’ என்ற ஒரு சங்கடம். ஹாரி பாட்டரையோ பெர்சி ஜாக்சனையோ காலேஜ் வந்து திரும்பப் படித்தவர்களுக்கு இந்த உணர்வு தெரிந்திருக்கும். ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: கதை 11-ஆம் நூற்றாண்டு. கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயம் வரை போகும். நாயகன் கருணாகரத் தொண்டைமான் என்ற இளைய பல்லவன். கூடவே அநபாய சோழன், அரபு வீரன் அமீர், சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதா. காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இரண்டு நாயகிகள். அப்புறம் அந்தக் கப்பல்.

அட்டையில் ‘சரித்திர நாவல்’ என்றுதான் இருக்கும். ஆனால் பதினாலு வயசில் எனக்கு அது முழு ஃபேன்டசி. அதில் தப்பும் இல்லை. நமக்குக் கிடைக்கிற சரித்திரத்தைப் பாருங்கள். வீரராசேந்திர சோழனின் 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கடாரத்தை வென்று, உதவி கேட்டு வந்த அரசனிடமே அதைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. இது ஏறத்தாழ 1068. கருணாகரத் தொண்டைமான் நமக்கு நன்றாகத் தெரிய வருவது ஜெயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’யில். அந்தக் கலிங்கப் போர் நடந்தது 1110-ஐ ஒட்டி. நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்தக் காலி இடத்தில்தான் சாண்டில்யன் தன் கப்பலை ஓட்டுகிறார். இது குறை இல்லை, கற்பனைக்கு உள்ள உரிமை. நான்தான் அப்போது எல்லாம் நடந்தது என்று நம்பிவிட்டேன்.

அப்ப எது இடித்தது? முதலாவது, வடிவம். இது குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர்கதை. அடுத்த இதழுக்கு ஏழு நாள் காத்திருக்கும் வாசகருக்கு ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு திடுக்கிடல் வேண்டும், தொடக்கத்தில் ஒரு ஞாபகமூட்டல் வேண்டும். அதையே நாலு நாளில் ஒரே மூச்சில் படித்தால் திடுக்கிடல் பழகிப்போகும், ஞாபகமூட்டல் சலிப்பாகும். வெப் சீரிஸை மொத்தமாகப் பார்க்கும்போது ‘முன்கதை’யை ஸ்கிப் செய்கிறோமே, அந்த பட்டன் புத்தகத்தில் கிடையாது.

இரண்டாவது, பெண்கள். காஞ்சனாதேவி வந்தால் வர்ணனை, மஞ்சளழகி வந்தால் வர்ணனை. இரண்டு பேருமே புத்திசாலிகள், துணிச்சல்காரிகள். ஆனால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட எப்படி நிற்கிறார்கள் என்பதற்கே பக்கங்கள் அதிகம். இருவரும் காதலிப்பதும் ஒரே ஆளை. பதினாலு வயசில் அந்தப் பக்கங்களை நான் எப்படிப் படித்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். இப்போது, அடுத்து படிக்கப்போறது தங்கச்சி என்ற நினைப்போடு படித்தால் கூச்சமாக இருந்தது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசு. அந்தக் கடலில் எல்லாம் இளைய பல்லவன் மூளையிலேயே நடக்கிறது. எந்தப் பொறியில் மாட்டினாலும் அவனுக்கு முன்பே ஒரு திட்டம் இருக்கும். பாய் கட்டுகிறவர்களும் துடுப்புப் போடுகிறவர்களும் அவன் கட்டளைக்குக் காத்திருக்கிற கூட்டம்.

எங்க ஊர்க் கடல் அப்படி இல்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு பாகம் என்பது சுமார் ஆறு அடி. கீழே முத்துப் பாரில் இருக்கும் நேரம் ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் சிப்பிகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு, கயிற்றை அசைத்துச் சைகை கொடுக்க வேண்டும். வள்ளத்தில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கீழே இருப்பவர் எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும், மேலே இருப்பவர் ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் கதை முடிந்தது. அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை வைப்பார்கள், தன் அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது அவர் விடமாட்டார் என்று கடற்கரையில் சொல்வார்கள்.

எங்க தாத்தா அந்த 1961 சலாபத்துக்குப் போனவர். நான் ‘கடல் புறா’ படித்த அந்த லீவு முழுக்க அவர் பக்கத்துத் திண்ணையில்தான் வலை பொத்திக்கொண்டு இருந்தார். நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடல் என்றால் அது சுமத்ராவில் இருக்கிறது என்று நினைத்தேன். கண் எதிரே இருந்தது வெறும் மீன் பிடிக்கிற தண்ணி.

அதற்காகப் புத்தகத்தைத் திட்டவும் மனசு வரவில்லை. மேப்பில் ஸ்ரீவிஜயத்தைத் தேட வைத்தது அதுதான். கல்வெட்டு என்று ஒன்று இருப்பதையே அது வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷ ஹாஸ்டலில், கடல் என்ற சொல்லுக்காகவே ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எடுத்தேன். உவரிக்காரர் எழுதிய அந்தக் கடலில் வேலை செய்கிறவர்களுக்குப் பேர் இருக்கிறது, கடன் இருக்கிறது, சாவு இருக்கிறது. அதைப் படித்தவனுக்கு இளைய பல்லவன் சிறிசாகத் தெரிவது இயல்புதான். சாண்டில்யன் எழுதியதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எனக்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடல்கள் கிடைத்துவிட்டன.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். “தாத்தா, சலாபத்துல ஒங்களுக்குக் கயிறு புடிச்சது மச்சானா?”

அவர் சிரித்தார். “அப்ப எனக்கு ஏதுல கல்யாணம்? எங்க அண்ணன்தான் புடிச்சாரு. ஒருநாளு வெயில்ல அசந்து தூங்கிட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நானே ஏறி வந்தேன். ரெண்டு நாளு அவர்கூடப் பேசல.”

இருட்டும் வரை பேசினார். அடுத்த லீவுக்கு இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கு.

புத்தகம்? தங்கச்சியிடமே கொடுத்துவிட்டேன். “வர்ணனை வந்தா தாண்டிப் போ, கப்பல் வந்தா நில்லு” என்று மட்டும் சொன்னேன். போன வாரம் போன் பண்ணினாள். இரண்டாம் பாகத்தில் இருக்கிறாளாம்.

“அண்ணே, மஞ்சளழகிக்கே ஒரு கப்பல் குடுத்திருக்கலாம்ல?”

எனக்கு அது தோன்றவே இல்லை, இரண்டு தடவை படித்தும்.